நெப்போலியன் எழுந்ததும் விழுந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியன் என்றதும் வாட்டர்லூ போர்க்களத் தோல்வி, ரஷ்யக் குளிர், குள்ளமான உருவம் ஆகிய மூன்றும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மூன்றிலும் பாதிதான் உண்மை. மாணவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கவிழ்த்தது குளிரும் இல்லை, கெட்ட நேரமும் இல்லை. போரில் ஜெயித்துக்கொண்டே இருந்தால் மட்டுமே நிலைக்கக்கூடிய ஓர் ஆட்சியை அவர் கட்டினார். ஜெயிப்பது நின்றதும் ஆட்சியும் நிற்கவில்லை.

நெப்போலியன் பிரெஞ்சுக்காரர்தானா?

மயிரிழையில் பிரெஞ்சுக்காரர் ஆனவர். 1769 ஆகஸ்ட் 15 அன்று கோர்சிகா தீவின் அஜாக்ஸியோ நகரில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெனோவா குடியரசு அந்தத் தீவைப் பிரான்சுக்குக் கைமாற்றியிருந்தது. எதிர்த்து நின்ற கோர்சிகர்களைப் பிரெஞ்சுப் படை 1769 மே மாதம் நசுக்கியபோது அவருடைய தாய் லெட்டிசியா வயிற்றுப்பிள்ளைக்காரி. வீட்டில் வைத்த பெயர் நெப்போலியோனே புவோனபார்ட்டே. ஒன்பது வயதில் பிரான்சுக்குப் படிக்க வந்து, பிரியேன் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். இளம் வயதில் அவர் கனவு கண்டது கோர்சிகாவின் விடுதலையைத்தான். 1793ல் தீவின் தலைவர் பாவோலியோடு பகை முற்றி, குடும்பமே உயிர் பிழைத்தால் போதும் என்று கப்பலேறிய பிறகுதான் அவர் முழுசாகப் பிரான்சின் பக்கம் வந்தார்.

சொல்லிக்கொள்ளும்படி பின்புலம் இல்லாதவர் எப்படி அவ்வளவு வேகமாக மேலே வந்தார்?

திறமை பாதி, காலம் பாதி. பழைய பிரான்சில் உயர்ந்த ராணுவப் பதவிகள் பெரிய பிரபுக் குடும்பங்களுக்கே போயின. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அந்தப் பிரபுக்களில் பலர் நாட்டை விட்டு ஓடிவிட்டார்கள். மேலே இடம் காலியானது. பதினாறு வயதிலேயே பீரங்கிப்படையில் அதிகாரியாகிவிட்ட நெப்போலியனுக்கு அந்தத் துறை கை வந்த கலை. கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களுக்கான துறை அது.

1793ல் தென் பிரான்சின் தூலோன் துறைமுகம் ஆங்கிலேயக் கப்பற்படையின் கையில் இருந்தது. ஊரைத் தாக்க வேண்டியதில்லை, கப்பல்கள் நிற்கும் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் முனையைப் பிடித்துப் பீரங்கியை நிறுத்தினால் கப்பல்கள் தாமாகவே ஓடும் என்று அவர் வாதாடினார். டிசம்பரில் அதுவே நடந்தது. அதற்காக பிரிகேடியர் ஜெனரல் பதவி கிடைத்தபோது அவருக்கு வயது 24. 1795 அக்டோபரில் பாரிஸ் தெருக்களில் கிளர்ந்த அரசாங்க எதிர்ப்பாளர்களைப் பீரங்கி வைத்து அடக்கினார். 1796 மார்ச்சில் ஜோசபினை மணந்தார். மணமான சில நாட்களிலேயே இத்தாலியப் போர்முனைக்குத் தளபதியாகக் கிளம்பினார்.

இத்தாலியில் அவருக்குக் கிடைத்தது சம்பளம் வராத, காலில் செருப்பில்லாத படை. ஜெயித்தால் சாப்பாடு, துணி, பணம் எல்லாம் எதிரியின் நாட்டிலிருந்தே கிடைக்கும் என்று அவர்களுக்குக் காட்டினார். லோடி, ஆர்க்கோலே, ரிவோலி என்று வெற்றி வரிசையாக வந்தது. வண்டி வண்டியாகப் பொன்னும் ஓவியங்களும் பாரிசுக்குப் போயின. அரசாங்கம் தளபதிக்குப் பணம் அனுப்புவதுபோய், தளபதி அரசாங்கத்துக்குப் பணம் அனுப்பும் நிலை வந்தது. பின்னாளில் ஐரோப்பா முழுக்க அவர் செய்ததற்கு இதுவே வெள்ளோட்டம் என்று நினைக்கிறேன்.

எகிப்துக்கு ஏன் போனார்? திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதியது உண்மையா?

உண்மை. ஆங்கிலேயர்களின் இந்திய வழியை அறுப்பதுதான் எகிப்துப் படையெடுப்பின் பெரிய நோக்கங்களில் ஒன்று. 1798 ஜூலையில் பிரமிடுகளுக்கு அருகே, எகிப்தை ஆண்டுவந்த மம்லூக்குகளின் குதிரைப்படையை முறியடித்தார். ஆனால் பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, அபூகீர் விரிகுடாவில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையை ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் அழித்துவிட்டார். ஜெயித்த நாட்டிலேயே படை சிறைப்பட்டது.

1799 ஜனவரியில் அவர் திப்புவுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதே ஆண்டு மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போர்க்களத்தில் உயிர்விட்டார். அந்த முற்றுகையில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கி, பின்பு அந்தக் கோட்டை நகரத்தின் நிர்வாகத்தையும் ஏற்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பதினாறு ஆண்டுகள் கழித்து வெலிங்டன் கோமகன் என்ற பெயரில் வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிரே நின்றவர் அவரேதான்.

குடியரசின் தளபதி எப்படிப் பேரரசர் ஆனார்?

படையை எகிப்திலேயே விட்டுவிட்டுத் தாம் மட்டும் சில பேரோடு பிரான்சுக்குத் திரும்பினார். 1799 நவம்பர் 9, 10 தேதிகளில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. முதல் கான்சல், அதாவது குடியரசின் தலைமை ஆட்சியாளர் ஆனார், 1802ல் ஆயுள் முழுக்க கான்சல், 1804ல் பேரரசர். ஒவ்வொரு படியிலும் மக்களிடம் வாக்கெடுப்பு என்ற பெயரில் ஒன்று நடந்தது. 1804 வாக்கெடுப்பில் ஆதரவு சுமார் 35 லட்சம், எதிர்ப்பு 2,500 சொச்சம் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட தேர்தல் என்று புரியும்.

1804 டிசம்பர் 2 அன்று பாரிசின் நோத்ர தாம் தேவாலயத்தில் போப் ஏழாம் பயஸ் முன்னிலையில் முடிசூட்டு விழா. மகுடத்தைப் போப் சூட்டவில்லை. நெப்போலியன் தாமே எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார், அப்புறம் ஜோசபினுக்கும் தாமே சூட்டினார். இந்த அதிகாரம் யாரும் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது என்று அதற்கு அர்த்தம். பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சம்பாதித்த அதிகாரத்தைத் தினந்தோறும் சம்பாதித்துக்கொண்டே இருக்க வேண்டுமே.

அவருடைய போர்முறையில் அப்படி என்ன புதுமை?

படையைக் கோர் எனப்படும் பெரும்பிரிவுகளாகப் பிரித்து வைத்தார். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 20,000 முதல் 30,000 பேர், தனிக் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி. எதிரியைச் சந்தித்தால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஒவ்வொன்றும் ஒரு சின்ன ராணுவம். வெவ்வேறு சாலைகளில் நடப்பார்கள், வழியில் கிடைத்ததைச் சாப்பிடுவார்கள், சண்டைக்கு மட்டும் ஓரிடத்தில் கூடுவார்கள். இதனால் எதிரியின் படை வண்டிகளோடு நகர்ந்து வருவதற்குள் இவர்கள் பின்னால் போய் நின்றார்கள். 1805ல் ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து டானூப் நதிவரை ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இப்படித்தான் நடந்தார்கள். உல்ம் நகரில் இருந்த ஆஸ்திரியத் தளபதி மாக், தாம் சூழப்பட்டதை உணர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போரை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எதிரே ரஷ்ய, ஆஸ்திரியக் கூட்டுப்படை சுமார் 85,000. அவரிடம் அதைவிடக் குறைவு, 73,000 அளவில். களத்தின் நடுவில் பிராட்ஸன் மேடு. போருக்கு முன்பே அந்த மேட்டை அவர் எதிரிக்கு விட்டுக்கொடுத்தார். தம் வலது பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாக வைத்து, அங்கே வந்து அடிக்கும்படி ஆசை காட்டினார். விடியற்காலையில் பள்ளத்தில் அடர்ந்த மூடுபனி. அதற்குள் மார்ஷல் சூல்ட்டின் படை மறைந்து நின்றது. எதிரிகள் மேட்டிலிருந்து இறங்கிப் பலவீனமான பக்கத்தை நோக்கிப் போவது தெரிந்தது. மேட்டில் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று சூல்ட்டைக் கேட்டார். இருபது நிமிடத்துக்குள் ஏறிவிடலாம் என்று பதில் வந்தது. அப்படியானால் இன்னும் கால் மணி நேரம் பொறுப்போம் என்றார். மேடு காலியாகக் காலியாகப் பொறுத்திருந்து, ஒன்பது மணி வாக்கில் அனுப்பினார். பனிக்குள்ளிருந்து ஏறி வந்த படை கூட்டணியை நடுவில் பிளந்தது. அந்தக் கால் மணி நேரப் பொறுமையை நான் அவருடைய மொத்தப் போர்வாழ்க்கையின் உச்சம் என்பேன். பின்னாளில் அவர் இழந்ததும் அந்தப் பொறுமையைத்தான்.

உச்சத்தில் அவர் கையில் எவ்வளவு இருந்தது?

1812ல் பிரான்சில் 130 மாவட்டங்கள். ரோம், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் எல்லாம் பிரெஞ்சு நகரங்கள். அண்ணன் ஜோசப் ஸ்பெயினுக்கு ராஜா, தம்பி ஜெரோம் வெஸ்ட்பாலியாவுக்கு ராஜா, தங்கை கணவர் மூரா நேப்பிள்ஸுக்கு ராஜா. ஜோசபினை விலக்கிவிட்டு மணந்த மரி லூயிஸ் வழியாக ஆஸ்திரியப் பேரரசர் மாமனார்.

நல்லது எதுவும் செய்யவில்லையா?

நிறையச் செய்தார். பிரான்ஸ் வங்கி (1800), மாவட்டந்தோறும் நிர்வாக அதிகாரி, லீசே எனப்படும் அரசு மேல்நிலைப் பள்ளிகள், எல்லாவற்றுக்கும் மேலாக 1804ன் சிவில் சட்டம். ஊருக்கு ஊர் வேறு வேறு வழக்கங்கள் இருந்த நாட்டில், சொத்து, ஒப்பந்தம், குடும்பம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், எவரும் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில். பிறப்பால் யாருக்கும் தனிச்சலுகை இல்லை. ஜெயித்த பல நாடுகளில் பிரபுக்களின் பழைய உரிமைகளை ஒழித்தார். யூதர்களை ஒதுக்கி வைத்த சேரிகளின் கதவுகளைத் திறந்தார்.

ஆனால் அந்தச் சட்டமே மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியது. கணவன் சம்மதம் இல்லாமல் அவள் சொத்தை விற்கவோ வழக்காடவோ முடியாது. இன்னொன்றை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன். புரட்சி 1794ல் ஒழித்த அடிமை முறையை 1802ல் திரும்பக் கொண்டுவந்தவர் நெப்போலியன். கரீபியக் கடலில் இருந்த பிரெஞ்சுக் காலனியான சான் டொமிங்குக்குப் பெரும்படை அனுப்பினார். அங்கே அடிமைகளை விடுதலைக்கு நடத்திய துசான் லூவெர்த்தூர் பேச்சுவார்த்தைக்கு வரவழைக்கப்பட்டுக் கைதாகி, பிரெஞ்சு மலைக்கோட்டை ஒன்றில் 1803ல் செத்துப்போனார். அவருடைய மக்கள் தோற்கவில்லை. மஞ்சள் காய்ச்சலும் அவர்களும் சேர்ந்து பிரெஞ்சுப் படையை முடித்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று அந்தக் காலனி ஹெய்ட்டி என்ற பெயரில் சுதந்திர நாடானது. நெப்போலியனின் முதல் பெரிய தோல்வி ரஷ்யாவில் வந்ததாக எழுதும் பாடநூல்கள் இந்த மக்களை ஏன் மறக்கின்றன என்று கேட்க வேண்டும்.

இங்கிலாந்தை ஏன் வெல்ல முடியவில்லை?

நடுவில் கடல். 1805 அக்டோபர் 21 அன்று டிரபால்கரில் நெல்சன் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படையை உடைத்த பிறகு அந்த வழி மூடியது. அதனால் 1806ல் பெர்லினில் இருந்து ஓர் ஆணை: ஐரோப்பாவின் எந்தத் துறைமுகமும் ஆங்கிலேயச் சரக்கை வாங்கக் கூடாது.

கடலை நிலத்திலிருந்து பூட்டப் பார்த்தார். ஒரு துறைமுகம் திறந்திருந்தாலும் சரக்கு உள்ளே வந்துவிடும், ஆகவே எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். போர்ச்சுகல் மறுத்தது, படையெடுத்தார். அதற்கு வழியில் இருந்த ஸ்பெயினையும் விழுங்கினார். ஹாலந்தில் தம் சொந்தத் தம்பி லூயி கடத்தலைக் கண்டுகொள்ளவில்லை என்று அந்த நாட்டையே பிரான்சோடு சேர்த்தார். கடைசியில் ரஷ்யா இந்தத் தடையிலிருந்து விலகியது, அதன்மீதும் படையெடுத்தார். காப்பியும் சர்க்கரையும் விலையேற, ஹாம்பர்க் வியாபாரி முதல் போர்தோ திராட்சை விவசாயி வரை எல்லோருக்கும் கோபம்.

ஸ்பெயினில் என்ன நடந்தது?

1808ல் ஸ்பானிய அரச குடும்பத்தைப் பயோன் நகருக்கு வரவழைத்து, மிரட்டிப் பதவி விலக வைத்துத் தம் அண்ணனை அரசராக்கினார். மே 2 அன்று மாட்ரிட் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஜூலையில் பெய்லென் என்ற ஊரில் ஒரு முழு பிரெஞ்சுப் படையே சரணடைந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகள் மலையிலும் காட்டிலும் சிறு கூட்டங்களின் தாக்குதல். 'கொரில்லா' என்ற சொல்லை உலகம் எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். வெல்லெஸ்லியின் ஆங்கிலப் படை போர்ச்சுகலிலிருந்து முன்னேறி வந்துகொண்டே இருந்தது. ரஷ்யாவுக்குப் போகும்போதுகூட லட்சக்கணக்கான வீரர்கள் ஸ்பெயினில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு போரை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்கியதை எந்த ராஜதந்திரத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ரஷ்யாவில் அவரைத் தோற்கடித்தது குளிர்தானே?

இல்லை. குளிர் வருவதற்கு முன்பே பாதிப் படை போய்விட்டது. 1812 ஜூன் 24 அன்று ரஷ்ய எல்லையில் இருந்த நேமன் நதியைக் கடந்தபோது சுட்டெரிக்கும் வெயில். இடையில் இடியும் பெருமழையும். பின்னால் வந்து சேர்ந்தவர்களையும் கூட்டினால் அந்தப் படை ஆறு லட்சம் அளவில். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கிராமத்துக்குக் கிராமம் தானியம் கிடைத்தது. ரஷ்யாவில் ஊர்களே தூரம் தூரம். இருந்ததையும் பின்வாங்கும் ரஷ்யர்கள் எரித்தார்கள். விளையாத பச்சை ரை என்ற தானியப் பயிரைத் தின்ற குதிரைகள் முதல் சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கில் செத்தன. குதிரை இல்லையென்றால் வண்டி இல்லை, வண்டி இல்லையென்றால் ரொட்டி இல்லை. பேன் பரப்பும் காய்ச்சல் முகாம்களைப் பிடித்தது. வில்னியஸ் நகரில் 2001ல் கட்டுமான வேலையின்போது வெளிப்பட்ட புதைகுழியில் அந்த வீரர்களின் எலும்புகளோடு இந்த நோய்களின் தடயமும் கிடைத்தது.

செப்டம்பர் 7 அன்று போரோடினோவில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 70,000 பேர் ஒரே நாளில் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். 14ஆம் தேதி மாஸ்கோவுக்குள் போனபோது அவரோடு இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம்தான். நகரம் பற்றி எரிந்தது. சார் மன்னர் அலெக்சாண்டர் சமாதானத்துக்கு வருவார் என்று ஐந்து வாரம் காத்திருந்தார். பதிலே வரவில்லை. அக்டோபர் 19 அன்று கிளம்பினார். பனி விழ ஆரம்பித்தது நவம்பர் முதல் வாரத்தில்.

பெரெசினா நதியைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. நவம்பர் கடைசியில் மூன்று பக்கமும் ரஷ்யர்கள், நதி உறையாமல் பனிக்கட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. பாலம் கட்டும் மிதவைகளை எரித்துவிடும்படி சில நாட்களுக்கு முன்பே உத்தரவு ஆகியிருந்தது. ஜெனரல் எப்லே மட்டும் கொல்லன் உலைகளையும் கரியையும் கருவிகளையும் கைவிடாமல் வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் ஸ்டுடியென்கா கிராமத்து வீடுகளைப் பிரித்து மரம் எடுத்து, மார்பளவு பனித்தண்ணீரில் நின்று இரண்டு பாலங்கள் கட்டினார்கள். வண்டிப்பாலம் உடைந்தபோதெல்லாம் நள்ளிரவில் மறுபடி இறங்கினார்கள். அவர்களில் மிகச் சிலரே ஊர் திரும்பினார்கள். எப்லேயும் சில வாரங்களில் இறந்தார். பேரரசர் பிழைத்தது இந்தப் பெயர் தெரியாத தச்சர்களாலும் கொல்லர்களாலும். டிசம்பர் 5 அன்று அவர் படையை விட்டுவிட்டுப் பாரிசுக்கு விரைந்தார்.

சமாதானம் செய்துகொண்டு பிழைத்திருக்கலாமே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு முறை அல்ல, பல முறை வாய்ப்பு வந்தது. 1813 கோடையில் எதிரணி நாடுகள் கேட்டது ஜெர்மனி, போலந்து, அட்ரியாடிக் கடற்கரை ஆகிய பக்கங்களில் சில பகுதிகளை மட்டும். மறுத்தார். அக்டோபரில் லைப்சிக் நகரில் மூன்று நாளுக்கு மேல் நடந்த பெரும்போரில் தோற்ற பிறகும், ரைன் நதி, ஆல்ப்ஸ், பிரெனீஸ் மலைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இழுத்தடித்தார். 1814ல் புரட்சிக்கு முந்தைய எல்லையோடு திருப்திப்படச் சொன்னார்கள். அதற்கும் இணங்கவில்லை.

காரணம் அகங்காரம் மட்டும் இல்லை. 1813 ஜூன் மாதம் டிரெஸ்டனில் தம்மைச் சந்தித்தபோது நெப்போலியன் சொன்னதாக ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் எழுதி வைத்திருக்கிறார்: அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் இருபது முறை தோற்றாலும் தலைநகருக்குத் திரும்பிப் போகலாம், போர்வீரனாக இருந்து மேலே வந்த தன்னால் முடியாது. எதிரி எழுதிய குறிப்பு என்றாலும் அவருடைய நிலைமைக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சிஸ் அவரிடம் எத்தனை முறை தோற்றார்! இருந்தும் வியன்னாவில் ராஜாவாகவே இருந்தார்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு. 1814ல் பிரான்சைக் காக்க அழைக்கப்பட்டவர்களில் பலர் மீசை அரும்பாத பையன்கள். கட்டாய ஆள்சேர்ப்பு ஆணையில் பேரரசி மரி லூயிஸ் கையெழுத்து இருந்ததால் அவர்களை 'மரி லூயிஸ்கள்' என்றே அழைத்தார்கள். துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கவே சரியாகப் பழகாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். மார்ச் 31 அன்று பாரிஸ் விழுந்தது. ஏப்ரலில் முடி துறந்தார்.

எல்பாவிலிருந்து எப்படித் திரும்பினார்?

எல்பா தீவுக்கு அவரையே ராஜாவாக்கி அனுப்பினார்கள். ஒப்புக்கொண்ட மானியத்தைப் புதிய மன்னர் பதினெட்டாம் லூயி கொடுக்கவில்லை. 1815 பிப்ரவரி 26 அன்று சுமார் ஆயிரம் பேரோடு கப்பலேறி, மார்ச் 1 அன்று தென் பிரான்சில் இறங்கினார். லாஃப்ரே என்ற ஊரில் அரசப் படை துப்பாக்கி நீட்டி வழிமறித்தது. அவர் தனியே முன்னால் நடந்து, சட்டையை விலக்கி நெஞ்சைக் காட்டி, உங்கள் பேரரசரைச் சுட விரும்புகிறவர் சுடலாம் என்றார். படை அவர் பக்கம் சேர்ந்தது. மார்ச் 20 அன்று பாரிஸ்.

வாட்டர்லூவில் எங்கே தப்பு நடந்தது?

பல இடங்களில். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய உத்தரவுகளைத் தெளிவாக எழுதி அனுப்பிய பெர்த்தியே அந்த ஜூன் முதல் தேதி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். மிகச் சிறந்த மார்ஷலான தாவூவைப் பாரிசில் விட்டு வந்தார். வெலிங்டனோடு கூட்டு சேர்ந்திருந்த, வட ஜெர்மனியின் பிரஷ்யர்களைத் துரத்த குரூஷி தலைமையில் 33,000 பேரை அனுப்பிவிட்டார். அவர்கள் போருக்கு வந்து சேரவில்லை. 1815 ஜூன் 18 அன்று, முந்தைய இரவு பெய்த மழையால் தரை சேறானதால் தாக்குதல் பதினொன்றரை மணி வாக்கில்தான் தொடங்கியது. அந்தத் தாமதம் புளூஹரின் பிரஷ்யப் படை வந்து சேர நேரம் கொடுத்தது. மார்ஷல் நே காலாட்படைத் துணையில்லாமல் குதிரைப்படையைத் திரும்பத் திரும்ப மோதவிட்டார்.

சரி, அன்று ஜெயித்திருந்தால்? ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. சில வாரம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

அவர் குள்ளமா?

இல்லை. உயரம் ஏறக்குறைய 168 சென்டிமீட்டர், அக்காலப் பிரெஞ்சுக்காரர்களில் சராசரிக்குக் குறையாது. பிரெஞ்சு அடி, ஆங்கில அடியைவிட நீளம். அந்தக் குழப்பமும் ஆங்கிலேயக் கேலிச்சித்திரங்களும் சேர்ந்து அவரைக் குள்ளராக்கின.

விஷம் வைத்துக் கொன்றார்களா?

ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. தென் அட்லாண்டிக் நடுவில், அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி வசம் இருந்த செயின்ட் ஹெலினா தீவில், வாட்டர்லூவில் தோற்ற பிறகு ஆங்கிலேயர் வைத்த சிறையிருப்பில், 1821 மே 5 அன்று 51 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இரைப்பையில் பெரிய புண் தெரிந்தது. புற்றுநோய் என்பதே பெரும்பாலோர் முடிவு. தலைமுடியில் ஆர்செனிக் இருந்தது உண்மை, ஆனால் அவருடைய சிறுவயது முடியிலும் அது அதிகமாகவே இருந்திருக்கிறது. 1840ல் உடலைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். இன்வாலித் மாளிகையில் இருக்கிறது.

புதுச்சேரிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

நேரில் இல்லை, சட்டத்தின் வழியாக உண்டு. அவருடைய காலம் முழுக்கப் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம்தான் இருந்தது. 1793ல் பிடித்தவர்கள், அவர் விழுந்த பிறகு 1816ல்தான் பிரான்சிடம் திரும்ப ஒப்படைத்தார்கள். 1819ல் பிரெஞ்சு சிவில் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தியர்களுக்குத் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் அவரவர் வழக்கச் சட்டமே தொடர்ந்தது. 1881ல் வந்த ஆணைப்படி, விரும்பியவர்கள் அந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம். சாதிக் கட்டிலிருந்து வெளியேற இது ஒரு வாசல் என்று கண்டு பலர் வந்தார்கள். பிரெஞ்சுப் பாணியில் குடும்பப்பெயரும் சூட்டிக்கொண்டார்கள். புதுச்சேரியில் அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு வாரிசுரிமை வழக்கு வந்தால் இன்றும் வக்கீல்கள் அந்தப் பிரெஞ்சுச் சட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.